பால் பருகாத மகவும் உரைகல்லும்: திருமழிசையை முன்வைத்துப் பச்சிளங்குழந்தைப் பேணல் குறித்த தாயர் அறிவின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

பிறந்த குழந்தையைப் பேணுவது பற்றித் தாய்மார்க்கு என்ன தெரியும் என்னும் வினாவுக்கு அண்மைக்கால ஆய்வேடுகள் பெரும்பாலும் மதிப்பெண்களாலேயே விடை கூறுகின்றன. அந்த மதிப்பெண்ணுக்குப் பின்னால் நீண்டதொரு வரலாறு உள்ளது. திருமழிசை ஆழ்வாரின் பிறப்புக் கதை, சங்கப் பாடல்கள், பெரியாழ்வார் திருமொழி, பாலவாகட மரபு, குடியேற்றக்கால மருத்துவச் சட்டங்கள், இக்காலக் குடும்பநலக் கணக்கெடுப்பு ஆகியவற்றை ஒருசேர வைத்து அவ்வரலாற்றை இக்கட்டுரை தொட்டுக் காட்டுகிறது. தாயின் அறிவு என்று ஒற்றைப் பொருளாக நாம் கருதுவது, பலர் கைகளில் பகிர்ந்து கிடந்த அறிவு என்பதும், அறியாமை என்று குறிக்கப்படுவனவற்றுள் சில கற்றோர் நூல்களிலிருந்து இறங்கி வந்தவை என்பதும் இதன் வாதம்.

திறவுச்சொற்கள்: திருமழிசை, புனிறு, சீம்பால், உரைமருந்து, பாலவாகடம், மருத்துவச்சி, பூந்தமல்லி

1. பால் பருகாத குழந்தை

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் பூந்தமல்லியைக் கடந்ததும் வருவது திருமழிசை. திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்த இப்பேரூர் இன்று சிட்கோ தொழிற்பேட்டையாலும், 2020 மே மாதத்தில் கோயம்பேட்டுக் காய்கறிச் சந்தை தற்காலிகமாக இங்கு மாற்றப்பட்டதாலும் செய்தித்தாள் படிப்போர்க்கு அறிமுகமாகியுள்ளது. வைணவர்களுக்கோ இது திருமழிசை ஆழ்வார் அவதரித்த தலம். செகந்நாதப் பெருமாள் கோயிலில் தை மகத்தன்று அவர் திருநட்சத்திரம் கொண்டாடப்படுகிறது.

குருபரம்பரை நூல்கள் கூறும் பிறப்புக் கதையை நாம் பெரும்பாலும் பக்தி நோக்கில் மட்டுமே படித்து வந்துள்ளோம். பார்க்கவ முனிவர்க்கும் கனகாங்கிக்கும் பிறந்தது உறுப்புகள் தெளியாத ஒரு பிண்டம். அதனைப் பெற்றோர் பிரம்பம் புதரின் அடியில் விட்டுச் செல்கின்றனர். இறையருளால் அது குழந்தை வடிவு பெற்று அழுகிறது. பிரம்பறுக்க வந்த திருவாளன் அதனைக் கண்டெடுத்துத் தன் மனைவி பங்கயச்செல்வியிடம் தருகிறான். அவள் மகப்பேறு அறியாதவள். எனினும் அன்பின் மிகுதியால் அவளுக்குப் பால் சுரக்கிறது. குழந்தையோ பால் பருகவில்லை. பருகாமையால் கழிவும் இல்லை. எனினும் வாடவில்லை. இச்செய்தி ஊரில் பரவ, முதிய தம்பதியர் இருவர் காய்ச்சிய பசும்பாலைக் கொண்டுவந்து படைக்கின்றனர்; அதைக் குழந்தை ஏற்கிறது. குழந்தை பருகி எஞ்சிய பாலை அம்முதியோர் உண்டு இளமை பெற்று, கணிகண்ணனை மகனாகப் பெறுகின்றனர். கதை வடிவங்கள் சிறு சிறு செய்திகளில் வேறுபட்டாலும் இச்சட்டகம் மாறுவதில்லை.

இக்கதையை வரலாற்றுச் சான்றாகக் கொள்வதில் எச்சரிக்கை வேண்டும். ஆழ்வார் உண்மையில் எவ்வாறு பிறந்தார் என்பதை இது நமக்குச் சொல்லாது. ஆனால் கதையைச் சொன்னவர்களும் கேட்டவர்களும் ஒரு பச்சிளங்குழந்தையை எவ்வாறு பார்த்தனர் என்பதை இது தெளிவாகச் சொல்கிறது. அழுததா? பால் குடித்ததா? சிறுநீரும் மலமும் கழித்ததா? உடல் வாடியதா? புதரிலிருந்து எடுத்த குழந்தையைக் குறித்து எழும் கேள்விகள் இவையே. அற்புதம் அற்புதமாகத் தோன்ற வேண்டுமானால் இயல்பு எது என்பது கேட்போர்க்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். பால் குடியாத குழந்தை ஒரு நாளைக்குள் வாடும் என்பதை அறிந்தவர்க்கே வாடாத குழந்தை வியப்பளிக்கும். இன்றைய சுகாதாரப் பணியாளர்க்குக் கற்பிக்கப்படும் ஆபத்து அறிகுறிகளில் முதன்மையான ஒன்று குழந்தை பால் குடிக்க இயலாமை. கழிவு நீங்குவதைக் கொண்டு பால் போதுமா என்று கணிப்பதும் அவர்களுக்குக் கற்பிக்கப்படுவதே. அவற்றை ஒரு திவ்ய சரிதத்தின் நடுவே காண்பது தற்செயலன்று.

பெற்றவள் விட்டுச் செல்ல, பெறாதவள் எடுக்க, பால் கொண்டுவருவது மூன்றாவதாக ஒரு குடும்பம் என்பதும் கருதத்தக்கது. குழந்தை பேணல் ஒரு தாயின் தனிச்செயலாக இக்கதையில் இல்லை. கட்டுரையின் பிற்பகுதியில் இதற்கு மீண்டும் வருவோம்.

2. புனிற்று மனை

ஈன்ற அணிமையைக் குறிக்கத் தமிழில் தனிச்சொல் ஒன்று இருந்தது. தொல்காப்பியம் உரியியலில் புனிறு என்னும் சொல்லுக்கு இப்பொருளே கூறப்பட்டுள்ளது. மக்கட்கும் விலங்குக்கும் பயிருக்கும் ஒப்ப வழங்கிய இச்சொல் இன்று பேச்சுவழக்கில் இல்லை. அதனிடத்தைத் தீட்டு என்னும் சொல் கைப்பற்றிக்கொண்டது. புனிறு ஒரு காலநிலையைக் குறிப்பது. தீட்டு ஒரு விலக்கைக் குறிப்பது. இம்மாற்றம் எப்போது, எவ்வாறு நிகழ்ந்தது என்பது தனி ஆய்வுக்குரியது.

நற்றிணை 40-ஆம் பாடல் புனிற்று மனை ஒன்றின் உட்புறத்தைக் காட்டுகிறது. காவலுடைய அம்மனையில் மணி ஒலிக்கிறது. புதல்வன் செவிலியொடு துயில்கிறான். ஐயவி எனப்படும் வெண்சிறுகடுகு அணிந்து, நெய்யாடி, பசுநெய் பூசப்பெற்ற மென்மையான உடலுடன் தாய் கண்மூடிக் கிடக்கிறாள். 370-ஆம் பாடலிலும் நெய்யும் ஐயவியும் சேர்ந்தே வருகின்றன. 380-ஆம் பாடலின் தோழி இன்னும் வெளிப்படையானவள். நெய்யும் தாளிப்புப் புகையும் படிந்து மாசுற்ற ஆடை, பால் ஒழுகும் மார்பு, புனிற்று மணம் வீசும் தோள் என்று தலைவியின் நிலையைச் சொல்லி, பரத்தையிடமிருந்து வந்த தலைவனின் பாணனுக்கு வாயில் மறுக்கிறாள். பிள்ளை பெற்றவளின் உடலைச் சற்றும் அழகுபடுத்தாமல் காட்டிய பாடல் என்ற வகையில் இது மருத்துவ வரலாற்றாளரும் படிக்கவேண்டிய ஒன்று.

ஐயவி பிள்ளைப்பேற்றுக்கு மட்டும் உரியதன்று. புறநானூறு 281-ஆம் பாடலில் விழுப்புண்பட்ட வீரனின் மனையிலும் ஐயவி சிதறப்படுகிறது, வேம்பு செருகப்படுகிறது, மணி ஒலிக்கிறது. ஈன்ற பெண்ணும் புண்பட்ட வீரனும் ஒரே வகைக் காப்புக்குரியவர்களாகக் கருதப்பட்டுள்ளனர். குருதி கண்ட, வாயில் திறந்த உடல் என்பதே இரண்டுக்கும் பொது. இன்று பிள்ளை பெற்ற வீட்டு வாயிலில் வேப்பிலை செருகுவதையும், குழந்தையைக் குளிப்பாட்டிய பின் சாம்பிராணிப் புகை காட்டுவதையும் இம்மரபின் நேர்த்தொடர்ச்சி என்று அறுதியிட்டுச் சொல்ல இடைக்காலச் சான்றுகள் தொடர்ச்சியாக இல்லை. ஒப்புமையைச் சுட்டுவதோடு நிற்பதே முறை.

குளிப்பாட்டுதல் குறித்துத் தெளிவான சான்று பெரியாழ்வாரிடம் கிடைக்கிறது. திருமொழியின் முதற்பதிகத்தில் யசோதை கண்ணனின் கைகால்களை நீட்டி நிமிர்த்துகிறாள். கடாரத்தில் காய்ந்த நீரை மெல்ல வார்க்கிறாள். பசுமஞ்சள் கொண்டு நாவை வழிக்கிறாள். வழிப்பதற்காகத் திறந்த வாயினுள்தான் ஏழுலகும் தெரிகின்றன. உலகம் காணும் அற்புதத்தை ஆழ்வார் வைத்த இடம் வேள்விச்சாலையன்று, குளியல் முற்றம். இவ்வரிசை, அதாவது உறுப்புகளை நீவி நிமிர்த்தல், வெந்நீர் வார்த்தல், நா வழித்தல் என்பது, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் தமிழ்நாட்டு வீடுகளில் மாறவில்லை. கால்களை நீட்டி அமர்ந்து அவற்றின்மீது குழந்தையைக் கிடத்தி நீர் வார்க்கும் பாட்டிமார்கள் இன்னும் உள்ளனர்.

இவ்வரிசையை உறுப்பு உறுப்பாகப் பிரித்து நோக்கினால் அதன் மதிப்பு ஒன்றாக இராது. உலக நலவாழ்வு நிறுவனம் 2022-இல் வெளியிட்ட பேற்றுக்குப் பிந்தைய பேணல் பரிந்துரைகளில், நிறைமாத நலமான குழந்தைகளுக்கு மென்மையாக உடல் நீவுதலை மேற்கொள்ளலாம் என்கிறது. அதே நிறுவனம் பிறந்து 24 மணி நேரம் வரை குளிப்பாட்ட வேண்டா என்கிறது. விரலை விட்டுக் கோழை எடுப்பதும் மூக்கில் ஊதுவதும் தொற்றுக்கும் புண்ணுக்கும் இடம் தருவன என மருத்துவர்கள் ஒருமுகமாக விலக்குகின்றனர். ஒரே பாட்டியின் ஒரே கைகள்தாம் இம்மூன்றையும் செய்கின்றன. அவரை முழுதும் போற்றுவதோ முழுதும் இகழ்வதோ எளிது. செயலைச் செயலாகப் பிரித்து ஆராய்வதுதான் கடினம்.

3. உரைகல்

என் பாட்டி வீட்டில் வழவழப்பான சிறு கல் ஒன்று இருந்தது. நடுவில் சிறிது குழிந்திருக்கும். அதில் தாய்ப்பாலையோ வெந்நீரையோ விட்டு, வேகவைத்து உலர்த்திய சரக்குகளை ஒவ்வொன்றாக உரைப்பார். இதற்கு ஒரு சுற்று, அதற்கு இரண்டு சுற்று என்று கணக்கு உண்டு. குழந்தையின் வயதும் மலத்தின் நிறமும் கேட்ட பிறகே சுற்றின் எண்ணிக்கை முடிவாகும். உரைமருந்து என்று தமிழகம் முழுதும் அறியப்பட்ட இதில் வசம்பு, சாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு, பெருங்காயம் முதலியவை வீட்டுக்கு வீடு சிறிது வேறுபட்டு இடம்பெறும். அளவை எடையால் அன்றி உரைக்கும் சுற்றால் அறுதியிடும் இம்முறை, நுண்ணிய அளவைத் தராசின்றிப் பெறுவதற்கு வகுத்த நல்ல வழி என்பதை மருந்தியலார் மறுக்கமாட்டார்கள்.

இச்சரக்குகளுள் வசம்புக்குத் தனியிடம் உண்டு. இரவில் அதன் பெயரைச் சொல்லலாகாது என்பதால் அது பேர்சொல்லா மருந்து. விளக்குச் சுடரில் சுட்டுக் கரியாக்கியே குழந்தைக்குத் தருவர். கையில் காப்பாகவும் கட்டுவர். வசம்பில் பீட்டா அசரோன் என்னும் வேதிப்பொருள் உள்ளது என்பதும், விலங்குகளில் அது நச்சுத்தன்மை காட்டியது என்பதும் ஆய்வுகளில் வெளிப்பட்டவை. சுடுதல் என்னும் சுத்திமுறை அதனைக் குறைக்கிறதா என்பதே இங்கு எழவேண்டிய கேள்வி. வசம்பு நல்லதா கெட்டதா என்று மட்டும் கேட்கும்போது, மருந்தின் பாதியாகிய சுத்திமுறை ஆய்வுக்கு வெளியே நின்றுவிடுகிறது.

உரைகல்லுக்குப் பின்னணியில் ஏட்டு மரபொன்று உண்டு. பாலவாகடம் என்னும் பெயரில் வழங்கும் நூல்கள் குழந்தை நோய்களை மாந்தம், கணை, தோடம், அக்கரம், செவ்வாப்பு முதலியனவாக வகுத்து மருந்து கூறுகின்றன. பால் மாந்தம் என்பது தாயின் பால்வழி வருவதாகக் கருதப்பட்டமையால், மருந்தும் பத்தியமும் தாய்க்கே விதிக்கப்பட்டன. இதன் விளைவு இருவகைப்பட்டது. பூண்டு, சுக்கு, பால்சுறா, பிரசவ லேகியம் என்று பேறு முடித்தவளுக்குத் தனியுணவு கிடைத்தது. அதேவேளை காய்கறி, பழம், பருப்பு, சில வீடுகளில் தண்ணீர்கூட, அவளுக்கு மறுக்கவும் பட்டன. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் நேற்று நீ என்ன தின்றாய் என்பதே முதற்கேள்வி. தாயின் உடலைக் குழந்தையின் மருந்துக்கலமாகக் கண்ட பார்வையே, குழந்தையின் ஒவ்வொரு நோய்க்கும் தாயைப் பொறுப்பாளியாக்கியது. பழமரபைப் போற்றி எழுதுவோர் இதனைக் கடந்து செல்வது வழக்கம்.

உரைகல்லின் இடத்தைப் பிடித்தது மருத்துவமனையன்று, புட்டி மருந்து என்பது என் கருத்து. 1851-இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் வில்லியம் உட்வர்டு உருவாக்கிய கிரைப் வாட்டர், இருபதாம் நூற்றாண்டில் தமிழ் வீடுகளில் பாட்டியின் கைமருந்தைப்போலவே புழங்கியது. அதன் பழைய கலவையில் சாராயமும் இருந்தது. பாட்டியிடமிருந்து தாய்க்கும் தாயிடமிருந்து மகளுக்கும் வந்த அறிவு அது என்பதே அதன் புகழ்பெற்ற விளம்பரங்களின் சாரம். வணிகம் மரபை எதிர்க்கவில்லை. மரபின் குரலை எடுத்துக்கொண்டது. புட்டியிலிருந்து எவரும் ஊற்றித் தரலாம். சுற்றின் கணக்கு தெரிந்தவர் தேவையில்லை.

4. சீம்பாலின் விதி

தாய்மாரின் அறியாமைக்குச் சான்றாக ஆய்வேடுகள் தவறாது குறிப்பிடுவது சீம்பாலைப் பீச்சிக் கொட்டும் வழக்கம். அதற்கு ஈடாகச் சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால் ஆகியவற்றைச் சேனை என்னும் பெயரில் குழந்தையின் நாவில் வைப்பர். யார் சேனை வைக்கிறாரோ அவர் குணம் குழந்தைக்கு வரும் என்ற நம்பிக்கையால், வைப்பவரைத் தேர்ந்தே அழைப்பர். இதே நாட்டில் கன்று ஈன்ற பசுவின் சீம்பாலைக் கருப்பட்டியோ வெல்லமோ இட்டுக் கிண்டி அண்டை வீட்டாரோடு பகிர்ந்து உண்கிறோம். மாட்டுக்கு அமுதாவது மனிதர்க்கு ஆகாததாவது எப்படி என்பது எளிய கேள்விதான். ஆயினும் நம் நூல்களில் அதிகம் எழுந்ததில்லை.

இவ்வழக்கம் படிப்பறிவற்ற பெண்களின் கண்டுபிடிப்பு என்று கொள்வது பிழை. சுசுருத சங்கிதையின் சாரீரத்தானம் 10-ஆம் இயலில் முதல் நாள்களுக்குத் தேனும் நெய்யும் கலந்த கலவையே குழந்தைக்கு விதிக்கப்பட்டுள்ளது. மூன்று நான்கு நாள்களில் பால் இறங்கிய பின்னரே பாலூட்டல் சொல்லப்படுகிறது. ஐரோப்பாவிலும் 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை மருத்துவர் பலர் முதற்பாலைத் தீயதென்றே கருதினர். குழந்தை வளர்ப்புப் பற்றி வில்லியம் கடோகன் 1748-இல் எழுதிய கட்டுரைக்குப் பின்னரே அங்கு கருத்து மாறத் தொடங்கிற்று. ஆகச் சீம்பாலை ஒதுக்கியது கற்றோரின் கோட்பாடு. கற்றோர் அதனைக் கைவிட்ட பிறகும் மக்களிடம் தங்கியபோது அது மூடநம்பிக்கை எனப் பெயர் பெற்றது. தேனைப் பொறுத்தவரை, ஓராண்டுக்கு உட்பட்ட குழந்தைக்கு அது தரலாகாது என்பதற்கான காரணம், குழந்தைகளுக்கு வரும் பாட்டுலிச நச்சு நோய், 1976-இல்தான் கலிபோர்னியாவில் இனங்காணப்பட்டது. அதற்கு முன் தேன் வைத்த பாட்டியை நாம் குறைகூற இயலாது. இன்று வைப்பதைத் தடுத்தாக வேண்டும்.

அடுத்து வருவது எண். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில் (2019-21) தமிழ்நாட்டில் 99.6 விழுக்காட்டுப் பேறுகள் மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தவை. ஆனால் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் 60.2 விழுக்காட்டினரே. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுள் தாய்ப்பால் மட்டுமே பெறுவோர் 55.1 விழுக்காடு. சேனை வைக்கும் அத்தையோ சீம்பாலைக் கொட்டச் சொல்லும் பாட்டியோ பேற்றறையில் முடிவெடுப்பவர்கள் அல்லர். அங்குப் பொறுப்பில் இருப்போர் மருத்துவரும் செவிலியருமே. அப்படியிருக்க அந்த முதல் ஒரு மணி நேரத்தில் பத்துக்கு நான்கு குழந்தைகளுக்குப் பால் கிடைக்கவில்லை என்றால், அதனைத் தாயின் அறியாமை என்று எவ்வாறு கூறுவது? அதே கணக்கெடுப்பில் அறுவைப் பேறுகள் 44.9 விழுக்காடு, அரசு நிலையங்களில் ஏறத்தாழ 36, தனியார் நிலையங்களில் ஏறத்தாழ 64. முந்தைய சுற்றில் (2015-16) மொத்தம் 34.1 விழுக்காடாக இருந்தது. மயக்க மருந்தின் பிடியில் தாய் ஓர் அறையிலும் துணியில் சுற்றிய குழந்தை உறவினர் கையிலுமாக இருக்கும் அந்த நேரம் பழைய மரபு தந்ததன்று. அறுவைக்குப் பின்னும் ஒரு மணி நேரத்துக்குள் பாலூட்ட இயலும்; அதற்கு அருகிருந்து குழந்தையை மார்பில் சேர்ப்பிக்கும் ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் இல்லாமையை எந்த வினாநிரலும் அளப்பதில்லை.

5. மருத்துவச்சி மீது வழக்கு

தாயின் அறிவு குறையுடையது என்ற கருத்தாக்கத்திற்கு முன்னோடி, மருத்துவச்சி தீங்கானவள் என்ற கருத்தாக்கம். சென்னையில் மகப்பேற்றுக்கென அரசு மருத்துவமனை 1844-இல் தொடங்கப்பட்டது. பின்னர் எழும்பூரில் நிலைபெற்றது. 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்க்கப்பட்ட முதற் பெண்களுள் ஒருவரான மேரி சார்லிபின் முயற்சியால், கோஷாப் பெண்களுக்கான மருத்துவமனை 1885-இல் உருவாயிற்று. இதே காலத்தில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழாக்கிக்கொண்டிருந்தார். அவர் 1857-இல் வெளியிட்ட பிரசவ வைத்தியம், மேனாட்டு மகப்பேற்றியலைத் தமிழில் சொன்ன முன்னோடி நூல்களுள் ஒன்று. பேறு பற்றிய அறிவு வாய்வழியிலிருந்து அச்சுக்கும், பெண்ணிடமிருந்து ஆணுக்கும் இடம்பெயர்ந்ததன் தொடக்கப் புள்ளிகளில் ஒன்றாக இதனைக் கொள்ளலாம்.

ஊர்ப்புறத்தில் பேறு பார்த்தவர்கள் பெரும்பாலும் நாவிதர் எனப்பட்ட மருத்துவர் சமூகத்துப் பெண்கள். பேற்றின் குருதியைத் தீட்டென்று கருதிய சமூகம் அத்தீட்டைச் சுமக்க ஒரு சாதியை நியமித்தது. பின்னர் அச்சாதியையே தூய்மையற்றது என்றது. குடியேற்ற ஆட்சியின் மருத்துவ அறிக்கைகள் இவ்விழிவை அப்படியே எடுத்துக்கொண்டு அதற்கு நுண்ணுயிரியல் விளக்கம் சேர்த்தன. 1927-இல் வெளிவந்த காதரின் மேயோவின் மதர் இந்தியா நூல் மருத்துவச்சியைக் கொடுமையின் உருவாகவே தீட்டியது. அதற்கு முந்தைய ஆண்டில் இயற்றப்பட்ட சென்னைச் செவிலியர், பேறுகாலப் பணியாளர் சட்டம் (1926), பதிவு பெற்றவர் பெறாதவர் என்னும் கோட்டை வரைந்தது. கோட்டுக்கு வெளியே நின்றவள் தன் பாட்டியிடம் தொழில் கற்றவள்.

வழக்கில் உண்மையும் இருந்தது. துருப்பிடித்த அரிவாளாலோ மூங்கில் சிம்பாலோ கொப்பூழ்க்கொடி அறுக்கப்பட்டதும், அறுத்த இடத்தில் சாம்பலோ சாணமோ வைக்கப்பட்டதும் இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து பதிவாகியுள்ளன. இரணசன்னி கண்ட பச்சிளங்குழந்தை பால் குடிக்க வாய் திறவாமலே இறக்கும். போர் ஆணைக்குழு 1946-இல் அளித்த அறிக்கையின்படி, 1937-இல் பிரித்தானிய இந்தியாவில் உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 162 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன. தடுப்பூசியாலும் தூய்மையான கத்தியாலும் இரணசன்னி ஒழிந்தது. இந்தியாவில் தாய்சேய் இரணசன்னி ஒழிப்பு 2015-இல் உறுதிசெய்யப்பட்டது. இந்த வெற்றியை மரபின் பெயரால் சிறுமைப்படுத்துவோரோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் மருத்துவச்சியோடு வேறு சிலவும் வெளியேறின. பேற்றுக்குப் பின் பல நாள் வீட்டுக்கு வந்து தாயின் வயிற்றைக் கட்டி, குழந்தையைக் குளிப்பாட்டி, பால் கட்டிய மார்பை நீவிவிட்ட கைகள் அவை. மருத்துவமனை பேற்றை எடுத்துக்கொண்டது. அதன் பின்னுள்ள நாற்பது நாள்களை எடுத்துக்கொள்ளவில்லை. சிசிலியா வான் ஹாலன் 1990-களில் சென்னை நொச்சிக்குப்பத்திலும் கானத்தூர் ரெட்டிக்குப்பத்திலும் களப்பணி செய்து எழுதிய நூல் (2003), ஏழைப் பெண்கள் மருத்துவமனையை வேண்டியபடியே அங்குப் பட்ட இழிவுகளையும் விரிவாகப் பதிந்துள்ளது. அவர்களுக்கு மரபா நவீனமா என்ற தேர்வே எழவில்லை. இரண்டிலிருந்தும் வேண்டியதை எடுத்தனர், இரண்டாலும் அதட்டப்பட்டனர்.

6. பூந்தமல்லியும் வினாநிரலும்

திருமழிசைக்கு அண்மையிலுள்ள பூந்தமல்லி இந்தியப் பொதுச்சுகாதார வரலாற்றில் அறியப்பட்ட ஊர். விடுதலைக்கு முன்னரே இராக்பெல்லர் அறக்கட்டளையின் துணையோடு சிங்கூர், நெய்யாற்றின்கரை முதலிய இடங்களில் நிறுவப்பட்ட மாதிரிச் சுகாதார அலகுகளின் வரிசையில் பூந்தமல்லி அலகும் ஒன்று. சுகாதாரப் பணியாளர் வீடு வீடாகச் சென்று தாயையும் சேயையும் பார்ப்பது, பிறப்பு இறப்பைப் பதிவது, மருத்துவச்சிக்குப் பயிற்சி தருவது என்பன இத்தகைய அலகுகளின் பணிகள். இன்றும் பூந்தமல்லியில் பொதுச்சுகாதாரப் பயிற்சி நிறுவனம் இயங்குகிறது. நகரின் மேற்குப் புறநகர் ஊர்கள் ஆய்வுக்களமாக இருப்பது இன்று நேற்றல்ல.

இதே வட்டாரத்தைச் சுற்றிப் பல செவிலியர் கல்லூரிகள் இருப்பதால், பச்சிளங்குழந்தைப் பேணல் பற்றிய தாய்மாரின் அறிவும் நடைமுறையும் என்னும் தலைப்பு பட்ட ஆய்வுகளில் திரும்பத் திரும்ப இடம்பெறுகிறது. முறையியல் பெரும்பாலும் ஒன்றே. வரையறுத்த வினாநிரல், சரியான விடைக்கு ஒரு மதிப்பெண், முடிவில் போதிய அறிவு, ஓரளவு அறிவு, போதாத அறிவு என மூவகைப் பகுப்பு, பின் கல்வி, வருமானம், வயது ஆகியவற்றோடு தொடர்புப்படுத்தல். சிறுசிறு ஊர்களின் நிலையை அறிய இவை பயன்படுவன. மறுக்கவில்லை.

சிக்கல் எங்கே எனில், இவ்வினாநிரல் அறிவு என்பதை ஒரு தலைக்குள் இருக்கும் பொருளாகக் கொள்கிறது. பேணலோ பல கைகளில் நிகழ்வது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்ற வழக்கத்தின்படி முதல் மாதங்களில் குழந்தையின் குளியலும் மருந்தும் தாயின் தாயிடம் இருக்கும். புகுந்தவீடு திரும்பியபின் மாமியாரிடம் செல்லும். இருபத்திரண்டு வயதுத் தாய்க்குக் கொப்பூழில் எதுவும் பூசலாகாது என்று தெரிந்திருக்கலாம், பூசுபவர் அவரல்லர். விடையில் முழு மதிப்பெண் பெற்ற தாயின் வீட்டில் நடைமுறை மாறாதிருப்பதற்கும், மதிப்பெண் குறைந்த தாயின் குழந்தை நன்கு வளர்வதற்கும் காரணம் இதுவே. பங்கயச்செல்வியிடம் வினாநிரல் கொடுத்திருந்தால் என்ன மதிப்பெண் பெற்றிருப்பாள் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. அவள் பிள்ளை பெற்றவளே அல்லள்.

மகாராட்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் இணையர் நடத்திய பணி இங்கு ஒப்புநோக்கத்தக்கது. ஊர்ப்பெண்களையே பயிற்றுவித்து, வீட்டிலேயே பச்சிளங்குழந்தைகளைக் கவனிக்கச் செய்து, பச்சிளங்குழந்தை இறப்பு 62 விழுக்காடு குறைந்ததாக 1999-இல் லான்செட் இதழில் வெளியிட்டனர். அங்குத் தொடக்கம் தாயின் மதிப்பெண்ணாக இல்லை. குழந்தைகள் எதனால் இறக்கின்றன, வீட்டில் அதை யார் முதலில் காண்கிறார் என்பதாக இருந்தது.

அரசும் இவ்விரு உலகங்களையும் தன் வழியில் இணைத்தே பார்த்துள்ளது. 2015-இல் அரசு மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளுக்கு வழங்கத் தொடங்கப்பட்ட பரிசுப் பெட்டகத்தில் துண்டு, கொசுவலை, கைகழுவும் நீர்மம் ஆகியவற்றோடு தாய்க்குச் சௌபாக்கிய சுண்டி லேகியமும் இருந்தது. கைகழுவலும் சுக்கும் ஒரே பெட்டியில் அடங்கியதைக் கொள்கை முரண் என்று சிலர் கூறலாம். வாங்கிய பெண்களுக்கு அது முரணாகத் தோன்றியிராது. அதே ஆண்டில் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளும் திறக்கப்பட்டன. பொதுவெளியில் தாய் பால் கொடுக்காமைக்குக் காரணம் அவள் அறியாமையன்று, அமர இடமில்லாமை என்பதை ஏற்ற நடவடிக்கை அது.

திருமழிசையைச் சுற்றியுள்ள தொழிற்பேட்டைகளில் இன்று ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பங்கள் வாழ்கின்றன. அப்பெண்களுக்குத் தாய்வீடு இரண்டு நாள் இரயில் பயணத்துக்கு அப்பால் உள்ளது. உரைகல் இல்லை, குளிப்பாட்டும் பாட்டி இல்லை, தமிழில் அச்சிட்ட துண்டறிக்கை படிக்க இயலாது. கணவன் பணிமுறைக்குச் சென்றபின், ஒற்றை அறையில் பத்து நாள் குழந்தையோடு இருப்பவளுக்கு அறிவு வருவது கைப்பேசி வழியாகத்தான். ஒருபுறம் ஊரிலுள்ள தாயின் குரல், மறுபுறம் யாரென்று தெரியாத ஒருவரின் காணொளி. வட்டார ஆய்வுகளின் மாதிரித் தேர்வில் தமிழ் பேசவும் படிக்கவும் அறிந்த தாய்மார் மட்டும் என்ற வரையறை வழக்கமாக இடம்பெறுகிறது. அவ்வரையறையை நீக்கி, குழந்தையைப் பிறந்தவுடன் கையில் வாங்கியவர் யார், முதற்குளியல் யார் செய்தார், இரவில் குழந்தை பால் குடிக்க மறுத்தபோது முதலில் யாரைக் கேட்டீர்கள் என்னும் மூன்று வினாக்களை முன்னால் வைத்துக் களப்பணியைத் தொடங்கலாம். மூன்றாவது வினாவுக்கு வரும் விடையைப் பொறுத்தே எந்த வீட்டுக்குச் சுகாதாரச் செவிலியர் மறுநாள் காலையிலேயே செல்லவேண்டும் என்பது தெரியவரும்.